வாசல் மிதிக்காத பயணம்

“வாடகை வான் ஓலைத்தொடுவாய்க்குள்ளை போகாது,” என்றாள் ஜெயந்தினி.

அவளுடைய கணவன் றெக்சனுக்குச் சுருக்கென்றது. ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் இருப்பது அவனுடைய அக்கா மெற்றில்டா. கூடப் பிறந்த ஒரே அக்கா.

கொழும்பிலிருந்து அவனுடைய சிநேகிதன் நிதர்சன், மனைவி அபிசாவோடு மன்னாருக்கு வருகிறான். ஐப்பசி மாதம், வெயில் தணிந்து முதல் மழை விழுந்திருக்கிற நேரம். மூன்று நாள் லீவு.

“ஹோட்டல்ல படுத்துக் கிடக்க வரேல்லை மச்சான். நல்லா நடக்கவேணும். ஊர்ச் சனத்தோடை கதைக்கவேணும். ஊர்ச் சாப்பாடு சாப்பிடவேணும்,” என்று போனிலேயே சொல்லிவிட்டான்.

பயணத் திட்டத்தை ஜெயந்தினி கையில் எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்ததை அவளிடமிருந்து யாரும் திரும்ப வாங்க முடியாது.

முதல் நாள் விடியக் கட்டுக்கரைக் குளக்கட்டில் நடை, பின்னேரம் திருக்கேதீஸ்வரம். அடுத்த நாள் தலைமன்னார்க் கடற்கரை, வெளிச்சவீடு, வரும் வழியில் நாட்டுக்கூத்துப் பழகுகிற இடம். கடைசி நாள் கோட்டையும், அடி பருத்த பழைய பெருக்கமரமும். எல்லாம் றெக்சனுக்குப் பிடித்துத்தான் இருந்தது, இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டைத் தவிர.

“தலைமன்னார் போற வழியிலைதானே அக்கா வீடு? மத்தியானம் அங்கை இறங்குவம். அக்காவின்ரை நண்டுக்கறியை விட என்ன ஊர்ச் சாப்பாடு இருக்கு?”

“பேசாலையிலை கடையிலை சொல்லிட்டன்.”

“கடையிலையோ? அக்கா இருக்கக் கடைச் சோறோ?”

“ஓம்.”

அந்த ஒற்றை ‘ஓம்’தான் அவனைக் கிளப்பிவிட்டது.

“எனக்கு விளங்குது. அக்கான்ரை சின்ன வீடு. இருக்கக் கொடுக்க ரெண்டு கதிரைதான். கொழும்புச் சனத்துக்குக் காட்ட உமக்கு வெக்கம். அதை நேரா சொல்லுமன்!”

“வெக்கமும் இல்லை, ஒண்டும் இல்லை. திட்டம் இதுதான்.”

“சந்தியிலை ஆராவது வானைக் கண்டால் அக்காவுக்குச் சொல்லுவினம். வாசல் மிதிக்காமல் போனான் தம்பி எண்டு அவள் அழுவாள்.”

“அழமாட்டா.”

றெக்சனின் பயத்தில் நியாயம் இருந்தது. ஒருமுறை சித்தப்பா இப்படித்தான் வீட்டுக்கு வராமல் படலையோடு திரும்பிப் போனார். அப்பா சாகும்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தக் கரையில் அது சின்ன விஷயமில்லை.

அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லவும் அவனுக்கு மனம் வரவில்லை. என்னவென்று சொல்வது? என்ரை மனுசி உன்ரை வீட்டுக்கு வரமாட்டாளாம் என்றா? டவுன்காரியைக் கட்டினால் இப்படித்தான் என்று தனக்குள் பொருமிக்கொண்டான்.

தலைமன்னாருக்குப் போகிற நாள் வந்தது. றெக்சன் வானின் முன் சீற்றில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். நிதர்சன் சொன்ன பகிடிக்கும் சிரிக்கவில்லை.

ஓலைத்தொடுவாய்க்குத் திரும்புகிற சந்தி வந்ததும் குனிந்து, கழலாத செருப்பைச் சரிசெய்யத் தொடங்கினான்.

“தம்பி, இதிலை நிப்பாட்டுங்கோ,” என்றாள் ஜெயந்தினி றைவரிடம்.

நிமிர்ந்து பார்த்தான். சந்தியில் மெற்றில்டா நின்றாள். மடு மாதா திருவிழாவுக்குக் கட்டுகிற சேலை. முகத்தில் பவுடர். தோளில் கைப்பை.

“ஏறுங்கோ மச்சாள்,” என்று ஜெயந்தினி தனக்குப் பக்கத்தில் இடம்விட்டாள். யன்னல் ஓர இடம்.

“இவர்தானோ நிதர்சன் தம்பி? தங்கச்சி, உங்கட பேர் என்ன?” ஏறின கையோடு மெற்றில்டா கதைக்கத் தொடங்கிவிட்டாள். பேசாலை வரும்வரை வாய் ஓயவில்லை. எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரைக்கு வரும் என்பதிலிருந்து, போன கூத்தில் ராசா வேசக்காரனுக்கு மீசை கழன்று விழுந்தது வரை சொன்னாள். அபிசா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அக்காவுக்கு இவ்வளவு கதை இருக்கிறதென்று றெக்சனுக்கே தெரியாது.

பேசாலையில் கடைக்குள் போனதும் ஜெயந்தினியை ஒரு பக்கமாக இழுத்தான்.

“கூட்டிக்கொண்டு வந்தது நல்லது. ஆனால் முதலே சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருந்தால் நீங்கள் போனைப் போட்டு, ‘அக்கா, வரேக்கை சமைச்சுக் கொண்டு வா’ எண்டிருப்பியள்.”

“அதிலை என்ன பிழை? தன்ரை கையாலை ஆக்கிப் போடாட்டி அக்காவுக்கு மனம் ஆறாது. அவளுக்கு அதுதான் சந்தோசம்.”

“அவவிட்டைக் கேட்டனீங்களோ?”

சோறு வந்தது. மெற்றில்டா பழக்கதோசத்தில் எழும்பிக் கரண்டியைப் பிடித்தாள். ஜெயந்தினி கரண்டியை வாங்கி றெக்சனின் கையில் கொடுத்துவிட்டு, மச்சாளைத் தோளில் பிடித்து இருத்தினாள்.

றெக்சன் பரிமாறினான். ஆவி பறக்கிற சோறும் மீன்குழம்பும்.

“கடைச் சாப்பாடு உனக்குப் பிடிக்குமோ தெரியாது அக்கா. உன்ரை வீட்டிலை எண்டால் எல்லாருக்கும் எவ்வளவு சந்தோசமா இருந்திருக்கும்!”

மெற்றில்டா முதல் வாயை மென்று விழுங்கினாள். பிறகு தம்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஆக்கள் வந்த நாளிலை நான் சுடச்சுடச் சோறு தின்னுறது இதுதான்ரா முதல் தரம்.”