விளக்குக் கம்பம் வந்தால் கழலும் செயின்

“இந்தச் செயினை ஒரு வழி பண்ணுங்க மாஸ்டர். இல்லன்னா இதை ஓட்டறவரை நான் ஒரு வழி பண்ணிடுவேன்.”

கணவரின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தையல்காரம்மா கடைக்குள் வந்தார்.

சைக்கிள் மாஸ்டர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். சுற்று வட்டாரத்தில் அவருக்கு ‘அளவு மாஸ்டர்’ என்று பெயர். கால் நீளம் அளக்காமல் யாருக்கும் சைக்கிள் விற்க மாட்டார். பளபளப்பைப் பார்த்து உயரமான வண்டியை யாராவது தொட்டால், “அது உங்க கண்ணுக்குத்தான் பொருத்தம், காலுக்கு இல்ல” என்று திருப்பி நிறுத்திவிடுவார்.

இன்னொரு பெயரும் உண்டு. இல்லாத கோளாறைச் சொல்லாத ஆள். இருபது வருடத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

நாலு மாதம் முன்பு தையல்காரம்மாவுக்கும் அவர் கணவருக்கும் ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு சைக்கிள் பொருத்திக் கொடுத்தவர் அவர்தான்.

“என்னம்மா ஆச்சு?”

“தினமும் காலையில என் தையல் கடை வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து போறோம். நான் முன்னால, அவர் பின்னால. பாலத்துல பாதி ஏத்தம் வந்ததும் மணி அடிப்பார். திரும்பிப் பார்த்தா செயின் தொங்கும். அங்க இருக்கற விளக்குக் கம்பத்தைக் கண்டாலே அவர் வண்டிக்குக் கால் ஒடிஞ்சிடுது.”

“தினமுமா?”

“லீவே கிடையாது. அவர் குனிஞ்சு மாட்டி முடிக்கிறதுக்குள்ள நான் பாலத்துச் சுவத்துல சாய்ஞ்சுக்கிட்டு திட்டித் தீர்த்துடுவேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். ஒரு நாள் வழியில நின்னதில்லன்னு பெருமை வேற. ஒரு செயினை வெச்சுக் காப்பாத்தத் தெரியல.”

மாஸ்டர் சிரித்தார். “ஆபரேஷனுக்கு அப்புறம் உடம்பு எப்படிம்மா இருக்கு?”

“அதை மட்டும் கேக்காதீங்க. நெஞ்சைத் திறந்து தைச்சாலும் தைச்சாங்க, நானே இன்னும் நல்லாத் தைச்சிருப்பேன், வீடு பூரா ‘உக்காரு, உக்காரு’ன்னு ஒரே பாட்டு. டாக்டரே சைக்கிள் ஓட்டுன்னு சொல்லிட்டார். அப்பவே வீட்டுல கறாராச் சொல்லிட்டேன். வழியில யாராவது ‘கொஞ்சம் நின்னு போ’ன்னு ஒரு வார்த்தை சொன்னா, அன்னியோட சைக்கிளை விட்டுடுவேன். நோயாளியா ஓட்டறதுக்கு ஓட்டாமலே இருக்கலாம்.”

மாஸ்டர் குனிந்து செயினை இழுத்துப் பார்த்தார். தொய்வு இல்லை. பல் சக்கரம் புதுசு மாதிரியே இருந்தது. பின்சக்கரம் நேராக நின்றது.

“இருங்கம்மா, ஓட்டிப் பார்த்துட்டு வரேன்.”

பாலம் கூப்பிடு தூரம்தான். சீட்டிலிருந்து எழுந்து நின்று, முரட்டுத்தனமாக மிதித்து ஏறினார். இறங்கி வந்து மறுபடி ஏறினார். மூன்றாவது முறையும் ஏறினார். செயின் அசைந்து கொடுக்கவில்லை.

விளக்குக் கம்பத்தருகே இறங்கினார். சீட்டுக்கு அடியில் ஏதோ செருகியிருந்தது. உருவிப் பார்த்தார். நாலாக மடித்த லைனிங் துணி. அதில் கிரீஸ் துடைத்த கறுப்பு. வண்டி வழியில் நிற்கும் என்று வீட்டிலேயே தெரிந்தவர் எடுத்துவரும் துணி.

கம்பத்தடியில் காற்று நன்றாக வந்தது. பக்கச் சுவர் ஓர் ஆள் வாகாகச் சாய்ந்துகொள்ளும் உயரம். ஏற்றத்தில் சரியாகப் பாதி.

இவ்வளவு துல்லியமாக மாஸ்டர்கூட யாருக்கும் அளவெடுத்ததில்லை.

துணியை இருந்தபடியே செருகிவிட்டுத் திரும்பினார்.

“என்ன கோளாறு?” என்றார் தையல்காரம்மா.

மாஸ்டர் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்.

“பல் சக்கரம் தேஞ்சிருக்கும்மா. இந்த மாடலுக்கு ஸ்பேர் கிடைக்காது. ஏத்தத்துல விழத்தான் செய்யும். ஆபத்து ஒண்ணுமில்ல, இப்படியே ஓட்டட்டும்.”

“ரெண்டு வண்டியும் ஒரே நாள் வாங்கினது. ஒரே வழியில ஓடுது. என்னுது தேயல, அவருது மட்டும் தேஞ்சுடுச்சா?”

மாஸ்டர் ஸ்பேனரை மறுபடி துடைத்தார்.

“எப்பவும் கோளாறை என் முகத்தைப் பார்த்துத்தானே சொல்வீங்க, மாஸ்டர்?”

அவர் ஸ்பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்வை ஒரு நொடி சீட்டுப் பக்கம் போய் வந்தது. அது போதுமாக இருந்தது. தையல்காரம்மா குனிந்து அந்தத் துணியை உருவினார். தன் கடை லைனிங்தான். பிரித்தார். கறுப்பைப் பார்த்தார். பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்தார்.

மாஸ்டர் ஸ்பேனரைக் கீழே போட்டார். ஒரு நல்ல மனுஷனின் நாலு மாத உழைப்பைக் கெடுத்துவிட்டோமே.

“சைக்கிளை மட்டும் விட்டுடாதீங்கம்மா. அவர் ஒரு நாளும் ‘நில்லு’ன்னு வாயைத் திறந்து சொல்லலையே.”

தையல்காரம்மா துணியை இருந்த இடத்திலேயே செருகினார்.

“ஒரு வாரமா அந்த ஏத்தத்துல எனக்கு மூச்சே வாங்கறதில்ல, மாஸ்டர். அவருக்குத்தான் வாங்குது. குனிஞ்சு செயின் மாட்டறதால வாங்குதுன்னு நானும் நினைச்சுட்டேன்.”

“அவரைக் கொஞ்சம் நின்னு போகச் சொல்லுங்களேன்.”

“சொன்னாக் கேக்கற ஆளா? என்னைவிட வீம்பு பிடிச்சவர்.”

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, சைக்கிள் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“செயினை ஒரே விரலால எப்படித் தட்டி விடறதுன்னு காட்டுங்க. நாளையிலேருந்து அவர் முன்னால போகட்டும். நான் பின்னால வரேன்.”