கருகிய கடுகு

அப்பாவின் தலைப்பாகை அவிழ்ந்து கோதுமைக்குள் நீளமாகக் கிடக்கிறது. அதை மிதித்துக்கொண்டே சித்தப்பா ஜக்சீர் அப்பாவின் தாடியைப் பிடித்து உலுக்குகிறார். சித்தப்பாவின் வலக்கையில் மண்வெட்டி. பனிமூட்டத்தில் அதன் விளிம்பு மட்டும் வெள்ளையாக மின்னுகிறது. அப்பாவின் பின்னால் ஓடிவந்த பதினைந்து வயது மகள் கிரத் வரப்பருகே நிற்கிறாள். வரப்புக்கு இந்தப் பக்கம் அப்பாவின் கோதுமை பச்சையாக நிற்கிறது; அதைப் போலவே வேஷம் போட்டு வளர்ந்த குல்லி தண்டா என்ற களைப்புல் மட்டும் களைக்கொல்லி மருந்து பட்டு மஞ்சளாகச் சாய்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் சித்தப்பாவின் கடுகு, பூத்த பூவோடு கருகிச் சுருண்டு கிடக்கிறது. “அசுவினிப் பூச்சிக்கு மருந்தடிக்கத்தானே உன் ஸ்ப்ரே டேங்க்கக் கேட்டேன்? புல்லு மருந்த உள்ளயே விட்டுக் குடுத்திருக்கியே, பாவி! வரப்ப நகத்த முடியலன்னு இப்படிப் பழி வாங்குறியா?” அப்பாவின் உதட்டு ரத்தம் தாடியில் இறங்குகிறது. “என் பொண்ணு மூணு தண்ணி விட்டுக் கழுவுனாடா. அவ பொய் சொல்லமாட்டா.” “குருத்வாராவுல வந்து சத்தியம் பண்ணுவியா?” “இங்கயே பண்றேன். அவ பொய் சொல்லிருந்தா அந்த மண்வெட்டி என் கழுத்துலயே இறங்கட்டும், போ!”

மண்வெட்டி உயர்கிறது. கிரத் வீறிடுகிறாள். இருவரும் திரும்பிப் பார்க்கிறார்கள். டேங்க்கைக் கழுவச் சொன்ன அன்று தண்ணீர் அப்படிச் சில்லிட்டது. அதை வெறுமனே கவிழ்த்துவிட்டு, கழுவிவிட்டதாகச் சொல்லித்தான் கொடுத்தாள். மண்வெட்டி இன்னும் கீழே இறங்கவில்லை. “நீயே சொல்லும்மா,” என்கிறார் அப்பா, மூச்சு வாங்க. “கழுவுனதானே?”