தவமலரின் கணுக்கால்

“எலும்பு பொருந்தியிட்டுது எண்டு எக்ஸ்ரே சொல்லுது. பிறகு நோவு எங்கையிருந்தடி வருது?” நான் மருந்து கட்டும் கிளினிக்கில் வைத்திலிங்கத்தார் மகள் தவமலர்மீது பாய்ந்தார்.

“நோவு படத்திலை விழாது, ஐயா. என்ரை காலைப் பற்றி நான்தான் சொல்லுவன். ஊன்றேலாது!”

“ஒப்பரேசன் சரி. ஆனால் நோயாளி சொல்லுறதைத்தான் நான் எழுதுவன்,” என்றார் டொக்டர்.

“வாற மாசம் கலியாணம், அம்மி மிதிக்கவேணும், பிள்ளை!” என்றார் தகப்பன்.

“ஏலாது எண்டால் ஏலாது!”

விஷயம் கொழும்பு மாப்பிள்ளை வீட்டாருக்கு எட்டியது. சத்தியமாக என் வாயால் அல்ல. சம்பந்தம் முறிந்தது.

மறுவாரமே அவள் ஓடிப்போனாள். அதே கிளினிக்குக்குக் கால் முறிந்து வந்துபோன தையற்கார யோகராசாதான் ஆள். மாவுக்கட்டோடு அவன் கரியரில் இருக்க, பருத்தித்துறை வரை சைக்கிள் உழக்கியவள் தவமலர். தாலி கட்டி அங்கேயே குடியிருக்கிறார்கள்.