டோக்கியோவுக்குப் பதினாறு மணி நேரம்

"பதினாறு மணி நேரம் ஆகும் எஸ்கோ. இப்பத்தான் ரஷ்யா மேல பறக்க விடறதில்லையே, வட துருவத்தைச் சுத்திக்கிட்டுப் போகணும். சால்மன் சூப் ஃபிரிட்ஜில இருக்கு. குடிச்சிட்டுத் தூங்கு."

மிர்யா போனை வைத்தாள். பக்கத்தில் நின்ற தூலாவுக்குச் சுருக்கென்றது. டிக்கெட்டில் பதின்மூன்று மணி நேரம் என்றுதானே போட்டிருக்கிறது?

கட்டின புருஷனிடம் மூன்று மணி நேரத்தைக் கூட்டிச் சொல்கிறாளே, அது யாருக்காம்?

இருவரும் ஹெல்சின்கியில் ஒரே கம்பெனியில் வேலை. சவுனா நீராவிக் குளியல் அடுப்புகளைக் காட்டி விற்க டோக்கியோ கண்காட்சிக்குப் போகிறார்கள். மிர்யாவுக்கு இது நாலாவது பயணம், தூலாவுக்கு முதல்.

பொய் என்றால் தூலாவுக்கு ஆகாது. பொய் சொன்ன புருஷனை ஒரே நாளில் பெட்டியோடு வெளியே அனுப்பியவள். எஸ்கோவோ தங்கமான மனுஷன். தனக்கு இதய ஆபரேஷன் ஆகும்வரை தூலா வீட்டுக் கூரைப் பனியையும் அவன்தான் தள்ளிக் கொடுத்தான்.

விமானத்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதிரே திரையில் குட்டி விமானம் துருவத்தின் ஓரமாக ஊர்ந்தது. இன்னும் எட்டாயிரம் கிலோமீட்டர். மிர்யா குறட்டையே விட்டுக்கொண்டிருந்தாள்.

'எப்படித்தான் தூக்கம் வருதோ மகராசிக்கு! இறங்கினதும் எஸ்கோகிட்ட சொல்லிடணும்.'

டோக்கியோவில் சக்கரம் தரையைத் தொட்டதுமே மிர்யா போனை எடுத்தாள்.

"எஸ்கோ, இறங்கிட்டோம்! ஆமா, இப்பவே! காத்து நல்லாத் தள்ளிவிட்டுருச்சு. சரி, வெச்சிடறேன்."

தூலாவுக்குத் தாங்கவில்லை. "என்ன காத்து? இருபது நிமிஷம் லேட்டால்ல வந்திருக்கோம்! எதுக்குடி அவனை ஏமாத்தற?"

மிர்யா சிரித்தாள். "அவன் தம்பி விமான விபத்துல போயிட்டான். அதுலேர்ந்து நான் பறந்தாலே, இறங்கற நேரம் நெருங்க நெருங்க எஸ்கோவுக்கு நெஞ்சு படபடக்கும். காபியைக்கூடத் தொடமாட்டான், கடியாரத்தைப் பார்த்துக்கிட்டே நடப்பான். அந்த இதயம் தாங்குமா? அதான் கூட்டிச் சொல்றேன். அவன் பயப்பட ஆரம்பிக்கறதுக்குள்ள நான் இறங்கிருவேன்."

தூலாவுக்கு முகம் சுருங்கிப்போனது. வழியெல்லாம் என்னென்னவோ நினைத்துவிட்டோமே!

மிர்யா பெட்டி எடுக்கப் போனதும் தூலாவின் போன் அடித்தது. எஸ்கோ.

"மிர்யா பக்கத்துல இருக்காளா?"

"இல்லை."

"இருபது நிமிஷம் லேட்டாயிருச்சே! உயிரே போயிருச்சு. மாத்திரை போட்டு உக்காந்திருந்தேன். இப்பத்தான் காபி வெக்கிறேன்."

"எஸ்கோ! உன்கிட்ட பதினாறு மணி நேரம்னுல்ல..."

"பதிமூணுதான்னு முதல் தடவையே தெரியும். சொல்லிடாதே தூலா. நான் தூங்கறேன்னு நெனச்சாத்தான் அவளுக்கு விமானத்துல தூக்கம் வரும்."

மிர்யா பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"போன்ல யாரு?"

"எஸ்கோ."

"ஐயோ, என்ன கேட்டான்?"

"அப்படி என்ன காத்துன்னு கேட்டான். புயல் மாதிரி அடிச்சுதுன்னு சொல்லிட்டேன்" என்றாள், பொய் என்றால் ஆகாத தூலா.