முந்நூறு ரூபாய் மாப்பிள்ளை

"ஏலே ரத்தினம், கோர்ட்டு முன்சீப்பு வேலைக்கு எடுத்த எடுப்புல வெள்ளைக்காரன் எம்புட்டுலே குடுப்பான்?"

அருவிச் சத்தத்தை மீறிக் கத்தினார் சிவனணைந்தபெருமாள். உடம்பெல்லாம் எண்ணெய். குற்றாலத்தில் ஆடிச் சாரல். குளிப்பதற்காகத் தென்காசியிலிருந்து வில்வண்டி கட்டி வந்திருந்தார்கள். அவருடைய அக்கா இராமலட்சுமி குரங்குகளை விரட்ட ஒரு கம்பை வைத்துக்கொண்டு, புளியோதரைத் தூக்குச்சட்டிக்குக் காவலாகப் பாறையில் உட்கார்ந்திருந்தாள்.

"முந்நூறுப்பா."

"பெறவு?"

"வருசா வருசம் கூடும். லீவு போட்டாலும் சம்பளம் உண்டு. ஊர் மாத்தினா பயணப்படி. வயசானா பென்சன்."

"டவாலி போட்ட சேவகன் முன்னால நடப்பானாலே?" அத்தை கேட்டாள்.

"நடப்பான் அத்தை."

"கேட்டியாலே பெருமாளு? இப்படிப்பட்ட பிள்ளைய சுரண்டை வாத்தியார் மகளுக்கா கட்டிவைக்கது? கடையநல்லூர் மில்லுக்காரர் பத்தாயிரத்தையும் காரையும் வச்சுக்கிட்டு நிக்காரு. இவனுக்கு மட்டும் வேலை கிடைக்கட்டும், வாத்தியாரு வீட்டு வழிய மறந்துரணும். சொல்லிட்டேன்."

"நீ சொல்லுதது நியாயந்தானக்கா."

தாயில்லாத ரத்தினத்தை வளர்த்தவள் அவள். அந்த வீட்டில் அவள் சொல்லை யாரும் தாண்டியதில்லை.

ரத்தினம் துண்டைப் பிழிந்தான். பிழிந்த துண்டையே மறுபடியும் பிழிந்தான்.

அவன் கேஸ் இல்லாத வக்கீலாக இருந்தபோது அப்பாவே சுரண்டைக்குப் போய் வாத்தியார் பரமசிவனிடம் வாக்குக் கொடுத்து வந்தார். தாம்பூலமும் மாற்றியாயிற்று. அன்றைக்கு யாரோ, "மாப்பிள்ளைக்கு கோர்ட்டுல கேசு வருதா?" என்று கேட்டார்கள். "வருது, எதிர்க்கட்சி வக்கீலுக்கு" என்றான் ரத்தினம். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அதுதான் சண்முகசுந்தரி.

இப்போது கல்யாணம் நின்றுபோனால் மில்லுக்காரரை யாரும் பேசமாட்டார்கள். பெண்ணிடம் ஏதோ குறை என்றுதான் ஊர் சொல்லும். பிறகு அந்தக் கதவுக்குப் பின்னாலேயே அவள் காலம் போய்விடும்.

முன்சீப்பு உத்தரவு போன வாரமே வந்துவிட்டது. ஆவணிக் கடைசியில் ஸ்ரீவைகுண்டம் போய்ப் பொறுப்பேற்க வேண்டும். அவன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

"வேலை விசயமா மெட்ராஸ் போயிட்டு வந்து எம்புட்டு நாளாச்சு?" அப்பா விடவில்லை. "கிடைச்சா கிடைச்சுதுன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லித் தொலை. வாயில என்ன கொழுக்கட்டையா? ஒங்க அத்தை முன்னாலயே சொல்லுலே!"

ரத்தினம் அருவியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கிடைக்கலப்பா. வேற ஆளைப் போட்டுட்டாங்க."

இராமலட்சுமியின் கம்பு கீழே விழுந்தது. குரங்கு ஒன்று நிதானமாக வந்து வடைப் பொட்டலத்தை எடுத்துப் போயிற்று. அவள் விரட்டவில்லை.

"துப்புக்கெட்ட பயலே!" சிவனணைந்தபெருமாள் கத்தினார். "இதுக்கா ஒன்னைய மெட்ராஸ்ல படிக்க வச்சேன்? கறுப்புக் கோட்டை வெளுக்கக் குடுக்கக்கூட கேசு கிடையாது. ஒனக்கு வாத்தியார் மகளே சாஸ்திலே!"

திரும்பிப் பார்க்காமல் போய் அருவிக்குள் தலையைக் கொடுத்தார்.

வண்டி தென்காசி எல்லையைத் தொடும்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள். "மில்லுக்காரன் இனி இந்தப் பக்கம் திரும்ப மாட்டான். இருக்கதையும் விட்டுராத பெருமாளு. வாத்தியாருக்கே நாள் குறிச்சு அனுப்பு."

அதன்பிறகு வீட்டில் ரத்தினத்துக்குச் சோறு விழுகிற சத்தமே மாறியது. "முன்சீப்பு ஐயா மோர் ஊத்திக்கிடுதீயளா?" என்பாள் அத்தை. அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் தென்காசிக் கோயிலில் தாலி கட்டினான். பரமசிவன் சம்பந்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, என்னால இம்புட்டுத்தான் முடிஞ்சுது..."

"சரி சரி, பந்தியப் பாரும்வே" என்று கைகளை உருவிக்கொண்டார் சிவனணைந்தபெருமாள்.

ரத்தினத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அப்பாவைத் தனியே மொட்டைக் கோபுர வாசலுக்குக் கூட்டிப்போனான். குற்றாலத்துக் காற்று இருவர் வேட்டியையும் பிடித்து இழுத்தது.

"அப்பா, அன்னைக்கு நான் சொன்னது பொய். வேலை அப்பவே கிடைச்சாச்சு. வாத்தியாரு வீட்டை ஏமாத்த எனக்கு மனசு வரல. அடிக்கதுன்னா அடிங்க."

அவர் மண்டபத்தின் பக்கம் பார்த்தார். அங்கே இராமலட்சுமி, மருமகளின் சடையில் சரிந்திருந்த பூவை எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் பேசுலே, அக்கா காதுல விழுந்துரப் போவுது" என்றார். "உத்தரவு போடுததுக்கு முன்னாலயே தாசில்தார் என்னையக் கூப்பிட்டு, குடும்பம் எப்படின்னு விசாரிச்சு, 'பையனுக்கு வேலை உறுதி'ன்னு கையும் குடுத்துட்டாரு. வாத்தியாருக்கு வாக்குக் குடுத்தவன் நான், ஆனா அக்காவை எதுத்துப் பேச எனக்கு வாய் ஏது? எப்படியும் வேலை கிடைக்கலன்னு நீ சொல்லிருவேன்னு நம்பித்தாம்லே, குத்தாலத்துல அவ முன்னால வச்சு ஒன்னையக் கேட்டேன்."