ஒன்றரை மீட்டர் தள்ளி

திரையில் இதயம் ஓடுகிறது. தொண்ணூற்றாறு.

மூச்சு இல்லை.

அவன் வயரைப் பிடுங்கிச் செருகினான். மின்விசிறியை நிறுத்தினான். மறுபடி பார்த்தான்.

மூச்சு: பூஜ்யம்.

ரேடார் பெட்டி சுவரில். கட்டில் ஒன்றரை மீட்டர் தள்ளி. தொடாமலே, நெஞ்சு மயிரளவு அசைந்தாலும் கண்டுபிடித்துவிடும் என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டவன் அவன்தான். அந்தப் பெட்டியைச் செய்தவனும் அவன்தான்.

கட்டிலில் பேச்சித்தாய். பேருந்து நிலையத்தில் வடைக்கடை. எண்ணெய்ச் சட்டி மேலே கவிழ்ந்து ஐந்து நாள் ஆகிறது. ஐந்து நாளும் வார்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறாள். துடிப்பையும் மூச்சையும் அளக்க நெஞ்சில் ஒட்டிய பட்டைகளை மாற்றும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். பட்டையோடு தோலும் வரும்.

பத்து நிமிடம் தருகிறேன், அதற்குள் உங்கள் பெட்டி சரியாகக் காட்டாவிட்டால் மறுபடி பட்டைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நர்ஸ் ஜெசிந்தா பட்டைகளோடு தயாராக நின்றாள்.

பெட்டியை மாட்டி ஓடவிடுவதற்குள்ளேயே ஆறு நிமிடம் போய்விட்டது.

திரையையே பார்த்துப் பழகியவனுக்கு ஆளைப் பார்க்க அப்போதுதான் தோன்றியது.

கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கண்கள் பிதுங்கின.

"எக்ஸ்ரேன்னா மூச்சப் புடிக்கணும்லா?" என்றாள், புஸ்ஸென்று காற்றை விட்டு.

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். அவன், இது எக்ஸ்ரே இல்லை, சாதாரணமாக மூச்சு விடுங்கள் என்றான்.

சாதாரணமாக விட்டாள். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு.

மெதுவாக என்றான். ஆறு.

இதென்ன கூத்து என்று அவனே சாதாரணமாக மூச்சு விட்டுப் பார்த்தான். வரவில்லை. நினைத்துக்கொண்டு விட்டால் யாருக்கும் வராது போலிருக்கிறது.

இரண்டு நிமிடம் பாக்கி.

முடிந்துவிட்டது என்று பொய் சொன்னான். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பத்தொன்பது. பதினேழு. பதினேழு.

டாக்டர் வந்து கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். பதினேழு. பட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவனுக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது.

எண் சரி. அலைதான் விநோதமாக இருந்தது. உள்ளே போகும் ஒவ்வொரு மூச்சும் ஒரே இழுப்பாகப் போகவில்லை. ஏறியது, தடுக்கியது, ஏறியது, தடுக்கியது. ஆய்வகத்தில் நாற்பது பேரை அளந்திருக்கிறான். ஒருவரிடமும் இதைப் பார்த்ததில்லை. கோளாறா? ஆவலோடு பெரிதாக்கினான்.

பிறகு கட்டிலைப் பார்த்தான்.

சத்தமே இல்லை. காதோரம் ஈரம் மட்டும் தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

கை நீட்டிப் பெட்டியை அணைத்தான். நல்லாத்தானே ஓடுது, ஏன் நிறுத்துறீங்க என்று ஜெசிந்தா மெல்லக் கேட்டாள்.

"அவங்ககிட்ட முடிஞ்சிட்டுன்னு சொல்லிட்டேம்லா சிஸ்டர். கொஞ்ச நேரம் நீங்களே பாத்துக்கிடுங்க."