ஐந்தாவது வரி

"விஷம் குடிச்சவன் இருபத்திரண்டு வரி பேசுவானா?" என்று அலுத்துக்கொண்டார், ராஜா வேஷம் கட்டியிருந்த கணவர்.

"பழைய சோக நாடகம்னா அப்படித்தான். வசனம் முடியாம ராஜா சாகக்கூடாது. மறந்தா நான் எடுத்துக் குடுக்கறேன், போங்க" என்றாள், திரைமறைவில் வசனப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மனைவி.

மேடையில் கோப்பையைக் காலி செய்தவர், "மரணமே, என் மணிமுடியைக் கைக்கொள்" என்று கம்பீரமாகத் தொடங்கி, நாலாவது வரியோடு நின்றுபோனார். அவள் ஐந்தாவது வரியைக் கிசுகிசுத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பி, "நெஞ்சை அடைக்குதுடி" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வழக்கம்போல் எங்கேயோ தாவிவிட்டார். விரலை ஓட்டி அந்த வரியைத் தேடினாள். இந்தப் பக்கத்தில் இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. அதற்குள் அவர் சரிந்து விழ, அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது.

"இன்னும் பதினெட்டு வரி பாக்கி இருக்கு, எந்திரிங்க" என்று பல்லைக் கடித்தாள்.

ஓடி வந்த இயக்குநர், "கடைசியா என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

சொல்ல வாயெடுத்தவள், புத்தகத்தைப் போட்டுவிட்டு மேடைக்கு ஓடினாள். அந்த நாடகத்தில் ராஜாவிலிருந்து வாயிற்காவலன் வரை யாருமே வீட்டில் பேசுகிற மாதிரி பேசுவதில்லை.